பின்னாலிருந்து கூப்பிடுகிறேன்

தம்பி,

இங்கே நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் இரண்டும் வலிக்கின்றன. நம் ஃபிஜியில் ஜூலைக் குளிர் வந்தால் இடது கால் வலது காலைவிட அதிகமாகப் படுத்துகிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை. கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது, மில்லின் கரித்தூள் துவைத்துப் போட்ட துணியிலெல்லாம் வந்து உட்காருகிறது, நானும் தினமும் திட்டிக்கொண்டே உதறுகிறேன். போன வாரம் நீ போனில் சொன்ன விஷயத்துக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "லைன் சரியா கேக்கல ராசா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் கேட்டது.

மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டதாகச் சொன்னாய். சிட்னியில் காலை நேரத்தில் ரோடு முழுக்கக் கார்கள் நகராமல் நிற்பதாகவும், ரயிலைப் பிடித்துப் போனாலும் வேலைக்கு நேரமாகிவிடுவதாகவும் சொன்னாய். "சப் காடி கடா ரஹே, அம்மா, ஹம் பீச் சே நிகல் ஜாதா" என்று நம் ஊர் ஹிந்தியில் சொல்லிச் சிரித்தாய். எல்லா வண்டியும் நிற்குமாம், நீ மட்டும் நடுவில் புகுந்து வெளியே வந்துவிடுவாயாம். முழு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதால் சட்டமும் தடுக்காதாம், மெதுவாகப் போனால் போதுமாம். இன்னும் சரியாகக் கைவரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னாய். உன் அப்பா எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நீ சிரித்தாய், தெரிந்தும் நான் போனை வைத்தேன். பேசாமலே இருந்து இருந்து நம் இரண்டு பேருக்கும் அது பழகிப்போய்விட்டது.

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்து உனக்கு மறந்திருக்காது என்று நம்பித்தான் தமிழில் எழுதுகிறேன். ஹிந்தியில் பேசினால் 'தீக் ஹை, அம்மா', சரி என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாய். இதை உன்னால் நழுவவிட முடியாது. எழுத்துக் கூட்டி, ஒரு வரியை இரண்டு முறை படித்து, பொறுமையாகத்தான் நீ இதைக் கடந்து போக வேண்டியிருக்கும். எனக்கு அதுதான் வேண்டும்.

வண்டியே ஓட்டத் தெரியாத கிழவி எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறாள் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். நான் ஓட்டியதில்லை, ஆனால் உன் அப்பாவுக்குப் பின்னால் கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்து வந்தவள். அவர் கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு சர்தார். யார் வயலில் என்றைக்கு வெட்டு, எந்த லாரி எப்போது வரவேண்டும் என்று பார்த்துக்கொள்கிற வேலை. நான் நம் ஊரான பா டவுனில் துணிக்கடை ஒன்றில் தையல்காரி. காலையில் என்னைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் அவர் வயல்களுக்குப் போவார். ஓட்டுகிறவனுக்குக் கண்ணில் படுவது முன்னால் இருக்கிற சந்து. அந்தச் சந்து தன் முழங்காலுக்குப் போதுமா என்று பார்ப்பவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள். ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் இடிபட்டால் முதலில் படுவது அவள் காலில்தான்.

வெட்டுக் காலத்தில் மில்லுக்கு வெளியே லாரிகள் நிற்குமே, உனக்கு ஞாபகம் இருக்கும். மில் வாசலில் ஆரம்பித்துப் பெரிய ரோடு வரைக்கும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். உள்ளே எடை போட்டு ஒன்று நகர்ந்தால்தான் வெளியே அடுத்தது நகரும். டிரைவர்கள் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்து கரும்பு கடிப்பார்கள், சிலர் ஸ்டியரிங் மேலேயே தலையை வைத்துத் தூங்குவார்கள். நீட்டிக்கொண்டிருக்கிற கரும்பின் நுனி ரோட்டுப் பக்கமாகத் தொங்கும். அந்த வரிசையின் ஓரமாகத்தான் நாங்கள் தினமும் போகவேண்டும். வரிசை இடது பக்கம், என் கால்களும் இடது பக்கம். கல்யாணமான புதிதில் அவருக்கு இது புத்தியில் ஏறவே இல்லை. ஹேண்டில்பார் நுழைந்துவிட்டால் வண்டியே நுழைந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்.

ஒரு நாள் நான் கத்தினேன், "ஏங்க, எடம் பத்தாது, நில்லுங்க!" என்று.

"பத்தும் புள்ள, காலை மடக்கு."

"மடக்கறதுக்கு நான் என்ன மடக்கு நாற்காலியா?"

சொல்லி முடிப்பதற்குள் என் முழங்கால் ஒரு லாரியின் பலகையில் உரசி, செருப்பு கழன்று கரும்புக் கட்டுக்குள் செருகிக்கொண்டது. அதே நேரம் வரிசை நகர்ந்தது. என் செருப்பு மில்லுக்குள் போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு கடை வாசலில் இறங்கினேன், முதலாளியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் அந்த டிரைவரே செருப்பைக் கொண்டுவந்து கொடுத்து, சர்க்கரையில் போடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, எனக்குக் காலுக்கு வந்தது செருப்போடு போயிற்று. வீங்கிய முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே உன் அப்பாவிடம் ஒரு சட்டம் போட்டேன். நான் தோளில் ஒரு தட்டுத் தட்டினால் போகக்கூடாது. எவ்வளவு அவசரமானாலும், அவர் கண்ணுக்கு ஆற்று அகலமே தெரிந்தாலும், தட்டினால் நின்றுவிட வேண்டும்.

அந்தச் சட்டத்தை அவர் மீறியதே இல்லை, தம்பி. மனிதருக்கு முன்கோபம் உண்டு, பேச்சில் விட்டுக்கொடுக்கமாட்டார், ஆனால் தோளில் தட்டினால் நின்றுவிடுவார். கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லுவார், "என் வண்டியோட அகலம் ஹேண்டில்பார் இல்லடா, எங்க வீட்டம்மா முழங்காலு." போகப் போக நான் தட்டவேண்டிய தேவையே குறைந்துவிட்டது. இடது பக்கம் எனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. தனியாகப் போகும்போதுகூட இடது பக்கம் தாராளமாக விட்டு, வலது பக்கம் ஒட்டினாற்போலத்தான் போவார். நான் இல்லாதபோதும் எனக்கு இடம் விட்டுப் போகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அவரிடம் நான் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், எழுத்துக் கூட்டிப் படி. முதலில் வரிசையில் நிற்கப் பழகு. மற்ற வண்டிகளோடு வண்டியாக நின்று, யார் எப்படி நகர்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாதவன் நடுவில் நுழையக்கூடாது. அவை நிற்கும்போது மட்டும் நுழை. நகர ஆரம்பித்துவிட்டால் உன் அவசரத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நீயும் ஓர் இடம் பிடித்து வரிசையில் நின்றுகொள். உன் அப்பா ஒவ்வொரு லாரியிலும் முதலில் பார்ப்பது முன் சக்கரத்தை. டிரைவர் எங்கேயோ வாய் பார்த்துக்கொண்டிருப்பான், கை சும்மா இருப்பதுபோல் தெரியும், ஆனால் சக்கரம் திரும்பினால் வண்டி திரும்பப் போகிறது என்று அர்த்தம். இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில் மட்டும் போகாதே, எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கும் என்று வைத்துக்கொள். வரிசையில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி விட்டு ஒருவன் நின்றிருந்தால், உனக்குத் தெரியாத யாரோ அந்த வழியாகக் குறுக்கே வரப்போகிறார்கள், அதற்காக நிற்கிறான். உனக்கு முன்னால் இன்னொரு மோட்டார் சைக்கிள்காரன் புகுந்து போனான் என்பதற்காக நீயும் போகாதே. அவன் பழகினவனா, பைத்தியக்காரனா என்று உனக்குத் தெரியாது.

இதையெல்லாம் அறிந்தவர்தான் உன் அப்பா. அறிந்தவர் எப்படி அந்தச் சந்துக்குள் போனார் என்று நீ ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நானே சொல்கிறேன்.

இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் நிறைய இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து, பூர்வீக ஃபிஜிக்காரர்களின் ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்த வருடம் அது. உனக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. ரேடியோவில் பாட்டு நின்றது, டவுனில் கடைகள் பாதி நாள் மூடிக் கிடந்தன. வெட்டலாமா வேண்டாமா என்று கரும்புக்காரர்கள் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் தாமதமாக வெட்டு ஆரம்பித்தபோது எல்லா லாரியும் ஒரே நேரத்தில் மில்லுக்கு வந்து நின்றன. போதாததற்கு மில் திருப்பத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்று ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சோதித்தார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு. கனடாவுக்கு யார் போகிறார்கள், சிட்னிக்கு யார் போகிறார்கள், யாருக்கு விசா கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை. நேற்று வரைக்கும் மாடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்றைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாந்தி விமான நிலையத்துக்குப் போனார்கள்.

உன் மாமா, என் கூடப்பிறந்த அண்ணன், அப்படித்தான் கிளம்பினார். கனடா. கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளும் குடும்பத்தோடு நம் வீட்டில்தான் இருந்தார். காலையில் வாடகைக்குப் பிடித்த கேரியர் லாரியில் பெட்டிகளை ஏற்றி, ஆளுக்கொரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். போனபிறகு பெருக்கலாம் என்று கதவைச் சாத்தினேன், கதவுக்குப் பின்னால் அம்மன் படம். என் அப்பா வாங்கிச் சட்டம் போட்ட மாரியம்மன் படம். வருடா வருடம் தீமிதிக்கு அண்ணன் குளித்து முழுகி, அதன் முன்னால் நின்றுதான் காப்புக் கட்டிக்கொள்வார். பத்திரமாகப் போகட்டும் என்று படுக்கை விரிப்பில் சுற்றித் தனியாகக் கதவோரம் நிறுத்தியதே மறதிக்குக் காரணமாகிவிட்டது.

"மச்சான் அங்க போய் எறங்கி மூட்டையைப் பிரிச்சுப் பாத்தா மனசு ஒடஞ்சிடுவாரு, புள்ள. சிப்பாய்ங்ககிட்ட மாட்டிக்கிட்டு இன்னும் மில்லுகிட்டதான் நிப்பாங்க. பிடிச்சிடலாம்" என்றார் உன் அப்பா.

வண்டியில் நான் உட்கார்கிற இடத்தில் படத்தை வைத்தோம். படுக்கப்போட்டுக் கட்டியிருந்தால் போதும், தம்பி. சாமியைப் படுக்கப்போடக்கூடாது என்று எனக்கும் தோன்றியது, அவருக்கும் தோன்றியது. பக்கவாட்டில் திருப்பி நிறுத்தியிருக்கலாம், அதுவும் தோன்றவில்லை, போகிற திசையைப் பார்த்து அவள் உட்காரவேண்டும் என்று நினைத்தோம். நிமிர்த்தி, முன்னால் முகம் பார்க்க, குறுக்காக நிறுத்தி, துணி காயப்போடுகிற கயிற்றை எடுத்து நான்தான் கட்டினேன். படத்தின் அகலம் ஹேண்டில்பாரைவிட அதிகம் என்று கண் எதிரே தெரிந்தது. அதில் ஒரு பயமும் வரவில்லை. அவர் ஏறி உட்கார்ந்து, "இன்னிக்கு உன்னவிடப் பெரிய அம்மா பின்னால ஏறிட்டா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டு வாசலிலிருந்து கரும்புக்கு நடுவில் மண்பாதை இறங்குமே, அதில் முதல் பள்ளத்தில் வண்டி குலுங்கியது. கயிறு தளர்ந்து படம் வலது பக்கமாக நழுவியது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வலது பக்கம் ஒரு முழம் துருத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். நீ "அப்—" என்று ஆரம்பித்தாய். நான் உன் வாயைப் பொத்தினேன்.

போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் கெடும், போகிறவருக்குக் கெடுதல் வரும். என் அம்மா சொன்னது, அவளுக்கு அவள் அம்மா சொன்னது, கப்பலில் வந்தவர்கள் கூடவே கொண்டுவந்து இந்தத் தீவில் இறக்கி வைத்தது. சாதாரண நாளிலேயே கூப்பிடமாட்டோம். அன்றைக்கு அண்ணன் நாட்டை விட்டுப் போகிறார், வழியெல்லாம் துப்பாக்கி, அம்மனே வண்டியில் போகிறாள், அந்த நேரத்தில் நீ கத்தப் பார்த்தாயே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. பெரிய ரோட்டுக்குப் போனதும் அவரே பார்த்துச் சரிசெய்துகொள்வார் என்று நினைத்தேன். உன் மூச்சு என் உள்ளங்கையில் சூடாகப் பட்டது. வண்டி கரும்புக்குள் மறைகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.

மில்லுக்கு முன்னால் இடது பக்கம் கரும்பு லாரிகளின் வரிசை. அதற்கு வலது பக்கம், சிப்பாய்களின் சோதனைக்காக நின்ற பஸ், கார், காலி லாரி எல்லாம் இன்னொரு வரிசை. வழக்கமாக ஒரு வரிசைதான் இருக்கும், அன்றைக்கு இரண்டு. எல்லாம் நிற்கத்தான் நின்றன. உன் அப்பா நடுவில் போனார். பின்னால் தோளைத் தட்ட ஆள் இல்லை. எப்போதும்போல இடது பக்கம் என் முழங்காலுக்கு இடம் விட்டு, வலது பக்கம் ஒட்டினாற்போலப் போயிருக்கிறார். என் முழங்கால் அன்றைக்கு வீட்டில் இருந்தது. வலது பக்கம் படம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நின்ற காலி லாரியின் சங்கிலி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தின் மூலை சங்கிலியில் மாட்டியதும், சிப்பாய் கை காட்டி அந்த வரிசை நகர்ந்ததும் ஒரே நேரம். அதற்குமேல் எழுத என் கை வராது, உனக்கும் வேண்டாம்.

உன் மாமாவின் கேரியர் எப்போதோ சோதனை முடிந்து போய்விட்டிருந்தது. அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். கனடாவில் இறங்கி, பெட்டியையெல்லாம் பிரித்துவிட்டு, அண்ணன் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டார். "பாப்பா, அம்மன் படத்தை அங்கயே வுட்டுட்டேன் போலருக்கு, பத்தரமா வெச்சிரு" என்றுதான் ஆரம்பித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி மட்டும் போய்விட்டது. இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல்தான் சுவரில் இருக்கிறது. மில் கரி அவள் முகத்திலும் படிகிறது, தினமும் துடைக்கிறேன். சில நாள் கோபத்தோடு துடைக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த லாரி டிரைவர் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஃபிஜிக்காரர், நல்ல உயரம், தலை நரைத்தவர். கூட அவர் ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில் நம் ஆட்கள் அவர்களைப் பார்த்தாலும் அவர்கள் நம்மைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் பயம். அவர் முற்றத்து மண்ணிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்து, பாய் ஒன்றையும் கயிறு கோர்த்த திமிங்கிலப் பல்லையும் முன்னால் வைத்தார். அவர்கள் வழக்கத்தில் அதைவிடப் பெரிதாக மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. உன் சித்தப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் நம் ஹிந்தியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பஹினி, ஹம் ஷீஷா மே தேகா. கோய் நை ரஹா." தங்கச்சி, நான் கண்ணாடியில் பார்த்தேன், யாரும் இல்லை. திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதார். அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. பெரிய வண்டியின் பின் சக்கரத்தை ஒட்டிப் போகிறவன் எந்தக் கண்ணாடியிலும் விழமாட்டான். நீ போகும்போது ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியையும் பார். அதில் ஓட்டுகிறவனின் முகம் உனக்குத் தெரிந்தால் உன் முகமும் அவனுக்குத் தெரியலாம். முகம் தெரியவில்லை என்றால் அவனைப் பொறுத்தவரை நீ ரோட்டிலேயே இல்லை.

அதற்குப் பிறகு நீ யாரையும் கூப்பிடவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை, என் துக்கமே எனக்குப் பெரிதாக இருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லித்தான் தெரியும். ஏதாவது வேண்டுமென்றால் எழுந்துபோய்ச் சட்டையைத் தொடுகிறானே ஒழிய வாயைத் திறந்து கூப்பிடமாட்டேன் என்கிறான் என்றார். கால்பந்துப் பைத்தியம் பிடித்த பா டவுனில் பிறந்தவன் பந்தாட்டத்தில் கத்தாமல் இருப்பானா? நீ இருந்தாய். காலி இடத்தில் தனியாக நின்று கையை மட்டும் தூக்குவாய், யாரும் பார்க்கமாட்டார்கள், பந்து வேறு பக்கம் போய்விடும். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் உள்ளங்கை சுட்டது. கிட்டே வந்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்மேல் தப்பில்லை, நீ சரியாகத்தான் கத்தப் பார்த்தாய் என்று. சொன்னால் நீ அன்றைக்குப் பார்த்ததை மறுபடி பார்ப்பாயே என்று பயந்து, சோற்றைப் போட்டுச் சாப்பிடு என்றேன்.

பிறகு மறுபடியும் ஆட்சியைப் பிடித்தார்கள், நீயும் கிளம்பினாய். போ என்று சொன்னவளும் நான்தான். நாந்தியில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நீ பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். ஏதோ எதிர்பார்த்தாய் என்று எனக்குத் தெரிந்தது. தம்பி, ஒரே ஒரு தடவை கிட்டே வா, உன் முகத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கிறேன் என்று கூப்பிட வாய் வந்தது. போகிறவனை, அதுவும் கடல் தாண்டிப் போகிறவனை, எப்படிக் கூப்பிடுவது? இந்தத் தடவை என் வாயை நானே பொத்திக்கொண்டேன். கதவு மூடியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ பாதி குடித்துவிட்டு வைத்த டீ அப்படியே இருந்தது, அதைக் கொட்டவும் மனசு வரவில்லை.

வண்டியை விற்றுவிடு என்று எழுதத்தான் நான் முதலில் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். அம்மா கேட்டாள் என்பதற்காக நீ விற்றுவிடுவாய், அதுவும் எனக்குத் தெரியும், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாய். அப்படி நீ கேட்காமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. அதுவும் உன் வாயைப் பொத்துவதுதான். போனில் நீ சிரித்தது எத்தனை காலத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு என்று உனக்குத் தெரியுமா? உன் அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சிரிக்கிற அதே சிரிப்பு. எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஓட்டு. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வா. இரண்டு பக்கமும் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் தொட்டுப் பார். பையை வண்டியில் கட்டாதே, முதுகில் மாட்டிக்கொள். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஹேண்டில்பாரைவிட அகலமாக எதையும் கட்டாதே, அது சாமியாகவே இருந்தாலும் படுக்கப்போட்டுக் கட்டு. அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள், கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். சந்து சரியாக இருக்குமா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தால் அதை என் கை உன் தோளில் தட்டியதாக வைத்துக்கொள். நின்றுவிடு. நாலு வண்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தவனை எந்த முதலாளியும் தூக்கில் போடமாட்டான்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். நீ கிளம்பும்போது உன் மகள் குட்டி வாசலுக்கு ஓடி வருவாள் என்று சொல்லியிருக்கிறாய். அவளுக்கு இப்போது என்ன வயதோ, ஏறக்குறைய அந்த வயதுதான் உனக்கும் அன்றைக்கு. மருமகள் நம் நாட்டு லபாசா பக்கத்துப் பெண், வழக்கமெல்லாம் தெரிந்தவள், "அப்பா போகும்போது கூப்பிடாதே" என்று குழந்தையை அடக்கத்தான் பார்ப்பாள். அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே, நான் சொன்னேன் என்று சொல். மாமியார் எழுதியிருக்கிறாள், இந்த வீட்டில் போகிறவரைப் பின்னால் கூப்பிடலாம் என்று சொல். குட்டி தமிழில் கூப்பிடமாட்டாள், டாடி என்றுதான் கத்துவாள், எப்படிக் கத்தினால் என்ன, கத்தட்டும். ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டாலும் சரி, பொம்மையைக் காட்டக் கூப்பிட்டாலும் சரி, நீ எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி என்ன என்று கேள். நேரமாகிறது என்று சொல்லாதே. வேலைக்குத் தாமதமானால் ஆகட்டும்.

நீயும் கூப்பிடப் பழகு. ரோட்டில் ஒருவன் உன்மேல் வருகிறான் என்றால் ஹார்ன் அடி, கத்து, அவனுக்கு உன் குரல் கேட்கட்டும். எனக்கும் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காதே.

அன்றைக்கு மண்பாதையில் நான் கூப்பிடவில்லை. விமான நிலையத்தில் கூப்பிடவில்லை. இன்றைக்கு அதே வாசலில், கரும்புக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பாள், பரவாயில்லை, எழுதும்போதே வாய்விட்டும் சொல்கிறேன்.

தம்பி! ஏ தம்பி! கொஞ்சம் நில்லு ராசா. திரும்பிப் பாரு.

அம்மா